பின்பக்கமாக ஏறிய கார்

இரண்டிரண்டு கார்களாக நேர்த்தடத்தில் ஓடும் பந்தயத்தின் அரையிறுதியில் ரூஃபஸ் ஜெயித்தான் என்று சொல்வது கொஞ்சம் அதிகப்படி. பக்கத்துத் தடத்தில் நின்றவன் பச்சை விளக்கு விழுவதற்கு முன்பே கிளம்பித் தொலைத்தான், அவனை ஆட்டத்திலிருந்து தூக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் ரூஃபஸ் திரும்பி வந்த தோரணையைப் பார்க்க வேண்டுமே! மஞ்சள் காரின் ஜன்னலில் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, வேலியோரம் அவித்த கடலை கொறித்துக்கொண்டிருந்த சனங்களுக்கெல்லாம் சல்யூட் அடித்தபடி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்து சேர்ந்தான்.

அவன் தங்கை வெர்லீன் சல்யூட்டைக் கவனிக்கவில்லை. கார் நின்றதும் ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே விட்டு மீட்டரைப் பார்த்தாள். எஞ்சினுக்குள் போகும் காற்றின் சூடு நூற்று எழுபத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட். நூற்று இருபதைத் தாண்டவே கூடாது.

"பாதித் தடத்துக்கு மேல கார் இழுக்கலையே, அண்ணே?"

"இழுத்துச்சு, இழுத்துச்சு."

"பொய் சொல்லாத."

"சரி, இழுக்கல. யாரோ பின்னாடி பம்பரைப் புடிச்சுத் தொங்குற மாதிரி இருந்துச்சு. போதுமா?" என்றபடி ரூஃபஸ் ஹெல்மெட்டைக் கழற்றினான். "ஃபைனலுக்கு வந்தாச்சுல்ல? அதப் பாரு."

அந்தக் காரின் எஞ்சின் தலைமேல் ஒரு சூப்பர்சார்ஜர் உட்கார்ந்திருக்கிறது. காற்றை அமுக்கி அமுக்கி எஞ்சினுக்குள் திணிப்பது அதன் வேலை. அமுக்கப்பட்ட காற்று கொதிக்கும். அதைக் குளிர வைப்பதற்காகவே சூப்பர்சார்ஜரின் மூடிக்குள் ஒரு பெட்டி இருக்கிறது. டிக்கியிலுள்ள டேங்கில் ஐஸைக் கொட்டினால், அந்தத் தண்ணீரை ஒரு சின்ன பம்ப் முன்னே தள்ளி, பெட்டிக்குள் சுற்றவிட்டுத் திரும்பக் கொண்டுவரும். காற்று குளிரவில்லை என்றால் எஞ்சினின் கம்ப்யூட்டர் பயந்துபோய், பிஸ்டன் உருகிவிடக் கூடாதே என்று பலத்தைக் குறைத்துவிடும். நல்ல புத்தியுள்ள கம்ப்யூட்டர்தான். ஆனால் புத்திசாலிகள் பந்தயத்தில் ஜெயிப்பதில்லை.

புதன்கிழமை அந்த மூடியில் விரிசல் விட்டு, வெர்லீன்தான் வேறு மூடி வாங்கி மாட்டினாள். அமெரிக்காவின் அலபாமாவில் அவர்கள் இருக்கும் மாவட்டத்தின் பள்ளிப் பேருந்துகள் நாற்பத்திரண்டுக்கும் அவள்தான் மெக்கானிக். காலையில் பிள்ளைகள் நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போய்ச் சேருவது அவள் கையில் இருக்கிறது. மூடி மாட்டுவதெல்லாம் அவளுக்கு ஒரு வேலையே இல்லை. மாட்டிய பிறகு தண்ணீர் ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். அதையும் செய்தாள், ஒரு தடவைக்கு நாலு தடவை. நாலாவது தடவை டேங்கில் ஒரு குமிழிகூட வரவில்லை. "முடிஞ்சது. இனி கவலையே வேண்டாம்" என்று அவள் சொல்லி நாலு நாள்தான் ஆகிறது.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. காரில் ஓட்டுநர் பக்கத்துப் பின் ஜன்னல் கண்ணாடியில் வெள்ளைப் பெயின்ட்டில் இரண்டு வரி எழுதியிருக்கும். மேல் வரி, ஓட்டுபவர் ரூஃபஸ் காடிஸ். கீழ் வரி, எஞ்சின் ஆம்ப்ரோஸ் டில். அந்த ஆம்ப்ரோஸ் ரூஃபஸோடு சண்டை போட்டுக்கொண்டு சிவப்புக் கார்க்காரர்களிடம் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இரண்டு வருஷமும் எஞ்சினுக்குள் கையை விட்டது வெர்லீன். கண்ணாடியில் மட்டும் ஆம்ப்ரோஸ் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவள் மூன்று முறை கேட்டுப் பார்த்தாள். மூன்று முறையும் ரூஃபஸ், "அது ராசியான பேரு. ஒரு ஃபைனல் ஜெயிச்சுக் காட்டு, மாத்திடலாம்" என்றான்.

புதன்கிழமை மூடி விரிசல் விட்டபோது அதற்கு மேலும் ஒன்று சொன்னான்: "இந்த ஞாயிறும் கோட்டை விட்டோம்னா, ஆம்ப்ரோஸ் கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வந்துருவேன். நீ பஸ்ஸைப் பாத்துக்கோ." அவன் அதைச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். வெர்லீனுக்கு அது நெஞ்சில் தைத்தது. நாலு நாளாக உள்ளேயே நின்றது.

இப்போது பேச்சில் அடிபட்ட ஆளே பொரித்த மீன் வைத்த ரொட்டியைக் கடித்துக்கொண்டு வந்து நின்றார். ஆம்ப்ரோஸுக்கு அறுபது வயசு. ஆடி அசைந்து வந்து, முதல் வேலையாகக் கண்ணாடியைப் பார்த்தார்.

"என் பேரு இன்னும் பளபளன்னு இருக்கே பாப்பா. தினமும் தொடச்சு வைக்கிறியா?"

"தொடைக்கலேன்னா காக்கா எச்சம் போட்டுடுது, மிஸ்டர் ஆம்ப்ரோஸ்."

அவர் சிரித்தார். கிண்டலைத் தாங்கிக்கொள்ளத் தெரிந்த மனுஷன்தான். "சூடு எவ்வளவு காட்டுது?"

"நூத்திப் பத்து."

"மூஞ்சியப் பாத்தா நூத்தி எழுபது மாதிரி இருக்கு. மூக்கத் தூக்கிக் காத்த எடுத்தியா?"

"நாலு தடவ."

"அப்ப அஞ்சாவது தடவ தூக்கு. எங்க காரு ஃபைனல்ல தனியா ஓடுனா பாக்க நல்லா இருக்காது." மீன் துண்டை வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. தண்ணீரில் சிக்கிய காற்றை எடுக்க வேண்டுமா, காரின் மூக்கைத் தூக்கு. அந்தப் பக்கத்தில் ஸ்பேனர் பிடித்த யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். வெர்லீனும் யாரிடமும் கேட்காமலே இதைத்தான் செய்தாள். இப்போதும் ரூஃபஸ் ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்து மூக்குக்கு அடியில் தள்ளினான். அவள் டேங்கைத் திறப்பதற்காக டிக்கியைத் தூக்கினாள்.

"ஏய், ஐஸ் அப்படியே இருக்குதே!" என்று ரூஃபஸ் எட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டான். "ரெண்டு மூட்ட போட்டோம். பாதிகூடக் கரையல. இன்னிக்கு ஐஸ் வாங்குற வேலை மிச்சம்."

வெர்லீன் ஐஸையே பார்த்தாள். ஆகஸ்ட் மாத மதியம், நிற்கிற இடத்தில் செருப்பு ஒட்டுகிறது. கார் இப்போதுதான் முழு மூச்சில் ஓடி வந்திருக்கிறது. ஐஸ் பாதிக்கு மேல் கரைந்திருக்க வேண்டும். பம்ப் ஓடுகிறது, தண்ணீர் சுற்றுகிறது, டேங்குக்கும் திரும்ப வருகிறது. ஆனால் ஐஸ் கரையவில்லை. அப்படியென்றால் தண்ணீர் சூட்டைத் தொடாமலே போய்விட்டு வருகிறது.

அவள் முன்னால் வந்து, சூப்பர்சார்ஜரின் மூடிமேல் உள்ளங்கையை வைத்தாள். பின்கோடியில், ஓட்டுநர் அறையின் சுவரை ஒட்டி, மூடி சில்லென்று இருந்தது. கையை மெல்ல முன்னுக்கு நகர்த்தினாள். நடுவில் வெதுவெதுப்பு. முன்கோடியில் கையை வைத்த வேகத்தில் எடுத்துவிட்டாள். தோசைக்கல் தோற்றது.

சுட்ட கையை உதறிக்கொண்டே அவள் அந்த மூடியை முதல் முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். பழைய மூடியில் தண்ணீர்க் குழாய் இரண்டும் முன்பக்கம் இருந்தன. இந்தப் புது மூடியில் இரண்டும் பின்பக்கம். மாட்டியவளுக்கு அது தெரியாதா என்ன? தெரியும். குழாயை நீட்டி வளைத்து அழகாக இணைத்ததும் அவள்தான். இணைத்துவிட்டு, பழைய மூடிக்குச் செய்ததையே இதற்கும் செய்தாள். மூக்கைத் தூக்கினால் காற்று முன்கோடிக்கு ஏறும். பழைய மூடியில் அங்கே வாசல் இருந்தது, வெளியே போயிற்று. புது மூடியில் அங்கே வெறும் சுவர். நாலு தடவையும் அவளே காற்றைத் தள்ளிக்கொண்டு போய் மூலையில் உட்கார வைத்துவிட்டு, குமிழி வரவில்லை, வேலை முடிந்தது என்று கை கழுவியிருக்கிறாள்.

"நான் ஒரு மடச்சி" என்றாள்.

"யாரு இல்லைன்னா?" என்றான் ரூஃபஸ், ஜாக்கியை மிதித்துக்கொண்டே.

"அத எறக்கு. மூக்கு வேண்டாம். வாலத் தூக்கணும்."

ரூஃபஸ் காலை எடுத்தான். "வாலையா? யாராவது வாலத் தூக்குவாங்களா? ஒன்னப் பாத்து ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். டேங்கு டிக்கில இருக்கு, குழா பின்னாடி இருக்கு. வாலத் தூக்குனா ரெண்டும் மேல வந்துரும். காத்து தானா ஏறி டேங்குக்குப் போயிரும். மூக்கத் தூக்கிக்கிட்டு, காத்தக் கீழ எறங்கு எறங்குன்னா அது எறங்குமா?"

ஜாக்கியைப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்து மிதித்தார்கள். புல்தரையில் ஜாக்கிதான் கீழே இறங்கியது, கார் ஏறவில்லை. பலகை போட்டும் பார்த்தார்கள். சாண் உயரம்கூட வரவில்லை. அந்த எஞ்சின் இயல்பிலேயே பின்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சாய்வை முதலில் சரிக்கட்டி, அதற்கு மேலும் தூக்கினால்தான் காற்று நகரும். சாண் உயரம் எந்த மூலைக்கு? வெர்லீன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். பக்கத்திலேயே அவர்களுடைய டிரெய்லர், காரை ஏற்றி வந்த சரிவுப் பலகைகளைத் தரையில் நீட்டியபடி நின்றது.

தங்கையின் கண் போன திசையைப் பார்த்ததும் ரூஃபஸுக்கு விளங்கிவிட்டது. "கூடவே கூடாது" என்றான். "செத்தாலும் கூடாது."

பந்தய நாளில் ஒரு கார் டிரெய்லரில் ஏறினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தோற்றாயிற்று, மூட்டை கட்டியாயிற்று, வீட்டுக்குப் போகிறோம். அங்கே ஒருவனை மட்டம் தட்ட வேண்டுமென்றால் 'அவன டிரெய்லர்ல ஏத்திட்டேன்' என்றால் போதும், குடும்பமே தலை குனியும். கடைசி ஓட்டம் முடியும்வரை சிலர் டிரெய்லர் பக்கம் நிழலுக்குக்கூட ஒதுங்க மாட்டார்கள்.

"முழுசா ஏத்த மாட்டேன். பின் சக்கரம் மட்டும் மேல. முன் சக்கரம் தரையிலதான் நிக்கும்."

"ஒரு சக்கரமா இருந்தா என்ன, ஒன்பது சக்கரமா இருந்தா என்ன? டிரெய்லர் டிரெய்லர்தான். ஃபைனலுக்கு முன்னாடி வண்டிய அதுல ஏத்துன எவனாவது ஜெயிச்சிருக்கானா, சொல்லு."

"எவனாவது ஏத்தியிருக்கானா, நீ சொல்லு."

"நான் ஓட்ட மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ரூஃபஸ் மார்பில் கையைக் கட்டிக்கொண்டு திரும்பி நின்றுகொண்டான். கோபுரத்து ஒலிபெருக்கி, இறுதி ஓட்டத்துக்கு இன்னும் இருபது நிமிடம் என்றது.

வெர்லீன் காரில் ஏறி உட்கார்ந்தாள். பேருந்துகளை முட்டுச்சந்தில் பின்னோக்கி எடுத்துப் பழகிய கை. எஞ்சினை உறுமவிடாமல், இரண்டு பலகைக்கும் நேராகப் பின்னுக்கு எடுத்தாள். பின் சக்கரங்கள் சரிவில் ஏறி, மேல் தட்டைத் தொட்டு நின்றன. பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினாள். மஞ்சள் கார் தண்ணீர் குடிக்கக் குனிந்த மாடு மாதிரி, வாலை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றது.

ஒலிபெருக்கிக்காரன் சும்மா இருப்பானா? "மக்களே, இடது பக்கம் பாருங்க! காடிஸ் அண்ணன் தங்கச்சி மூட்டை கட்டுறாங்க போல! அதுவும் தலைகீழா! வெட்கத்துல மூஞ்சியக் காட்ட மாட்டேங்குது காரு!"

வேலியோரம் பெரிய சிரிப்பு எழுந்தது. சிவப்புக் காரின் ஆட்கள் நாற்காலிமேல் ஏறி நின்று கையசைத்து வழியனுப்பினார்கள். ரூஃபஸ் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டான். வெர்லீனுக்கும் காது சூடாயிற்று. சிரிப்பு யாருக்குத்தான் உறைக்காது? ஆனால் மூடியின் முன்கோடியில் காற்று உட்கார்ந்திருக்கிறது என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. அது அவள் கையைச் சுட்டிருக்கிறது.

எஞ்சினை நிறுத்திவிட்டு பம்பை மட்டும் ஓடவிட்டாள். டேங்கின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, முன்னால் வந்து தண்ணீர்க் குழாயைப் பிடித்து, பால் கறப்பது போல் அமுக்கி அமுக்கி விட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அமுக்கினாள். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம்.

"என்ன, வருதா?" என்றான் ரூஃபஸ், திரும்பிப் பார்க்காமலே.

அப்போது டேங்குக்குள்ளிருந்து, விருந்து சாப்பிட்ட மாமனார் விடுகிற ஏப்பம் போல ஒரு சத்தம் வந்தது. ஐஸ் கட்டிகள் துள்ளி விழுந்தன. ரூஃபஸ் திரும்பிவிட்டான். இன்னொரு ஏப்பம். மூன்றாவது, அதைவிடப் பெரிதாக. டேங்கில் தண்ணீர் சரசரவென்று இறங்கியது. காற்று காலி செய்த இடத்துக்குத் தண்ணீர் ஓடியது.

"பாத்துக்கிட்டே நிக்கிறியே, அந்தக் கேனை எடு! ஊத்து!"

அவன் ஓடிப்போய்க் கேனை எடுத்தான். அரைக் கேன் தண்ணீர் உள்ளே போயிற்று. அரைக் கேன்! அவ்வளவு காற்றை நாலு நாளாகத் தலையில் சுமந்துகொண்டுதான் அந்தக் கார் ஓடியிருக்கிறது. வெர்லீன் மறுபடி மூடியின் முன்கோடியைத் தொட்டாள். சூடு தணிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் முன்னும் பின்னும் ஒரே குளிர்ச்சி. அண்ணனின் கையைப் பிடித்து அந்த மூடிமேல் வைத்தாள். அவன் கையை எடுக்கவில்லை.

"காடிஸ் கடைசி அழைப்பு" என்றது ஒலிபெருக்கி. "வர்றீங்களா, இல்ல அப்படியே வீட்டுக்கா?"

ரூஃபஸ் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, சரிவில் காரை இறக்கிக்கொண்டு போனான்.

வெர்லீன் தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். பச்சை விழுந்ததும் சிவப்புக் கார்தான் முந்தியது. ஆம்ப்ரோஸ் தயார் செய்த கார், முந்தாமல் என்ன செய்யும்? தடத்தில் கால் பங்கு போகும்போது ஒரு கார் நீளம் முன்னால் இருந்தது. பாதித் தடம் வந்தது. அரையிறுதியில் மஞ்சள் கார் மூச்சை விட்ட இடம் அதுதான். வெர்லீன் மூச்சை விடவில்லை. காரும் விடவில்லை. சூப்பர்சார்ஜரின் கத்தல் இறங்காமல் ஏறிக்கொண்டே போயிற்று. கடைசிக் கோட்டில் எந்த மூக்கு முன்னால் என்று கண்ணுக்குத் தெரியவில்லை. இடது தடத்துப் பலகையில் விளக்கு எரிந்ததும்தான் தெரிந்தது. இடது தடம் ரூஃபஸ்.

அவள் கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே நினைவில்லை. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு அம்மாவைக் கட்டிப் பிடித்ததில் அந்த அம்மாவின் இனிப்புத் தேநீர் மொத்தமும் கொட்டிப்போயிற்று.

ரூஃபஸ் திரும்பி வந்தபோது சல்யூட் எதுவும் இல்லை. காரை நிறுத்தி, மீட்டரைச் சுட்டிக் காட்டினான். நூற்று நாலு. பிறகு தங்கை முகத்தைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான், அதற்குள் ஆம்ப்ரோஸ் வந்துவிட்டார்.

"ஐஸ் எவ்வளவு மிச்சம்?" என்று கேட்டார் வந்ததும் வராததுமாக. டிக்கியை எட்டிப் பார்த்தார். டேங்கில் வெறும் தண்ணீர். தலையை ஆட்டிக்கொண்டார். "டிரெய்லர்ல என்ன பண்ணின பாப்பா?"

"சொல்ல மாட்டேன்."

"எங்க காரும் மூணு வாரமா சூடாகுது. நேத்துப் பொறந்தவன் கேக்கிற மாதிரி கேக்குறேன். சொல்லு."

வெர்லீன் கருவிப் பெட்டியைத் திறந்து, பழைய பிசினைச் சுரண்டுகிற பிளேடை எடுத்து அவரிடம் நீட்டினாள். கண்ணாடியைக் காட்டினாள். "மொதல்ல அத எடுங்க. அப்புறம் சொல்றேன்."

ஆம்ப்ரோஸ் பிளேடைப் பார்த்தார். ரூஃபஸைப் பார்த்தார். ரூஃபஸ் நகர்ந்து வழி விட்டான். கிழவர் பெருமூச்சு விட்டுக் குனிந்து, தன் பெயரைத் தானே சுரண்ட ஆரம்பித்தார். நல்ல பெயின்ட். வர மறுத்தது. ஒவ்வொரு எழுத்தாக, கண்ணாடியில் கீறல் விழாமல், பதமாக எடுத்தார். முடித்ததும் சட்டைக் கையால் அந்த இடத்தைத் துடைத்தும் விட்டார்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே எடுத்திருக்கணும்" என்றார். "கேட்டிருந்தா எடுத்திருப்பேன்."

"ஒங்க காருல குழா எந்தப் பக்கம்?"

"புது மூடி மாட்டினேன். பின்..." பாதியில் நிறுத்தினார். வாய் திறந்தபடி நின்றது. "பின்பக்கம்" என்று முடித்தார்.

"அப்ப வாலத் தூக்குங்க, மிஸ்டர் ஆம்ப்ரோஸ்."

அவர் தன்னைத் தானே திட்டிக்கொண்டு போவது ரொம்ப தூரம்வரை கேட்டது.

கார் எண்ணை ஜன்னலில் எழுதி, வேண்டாதபோது தண்ணீர் விட்டுக் கழுவிவிடலாம் என்று வைத்திருக்கும் வெள்ளை ஷூ பாலிஷ் புட்டி டிரெய்லர் ஓரம் கிடந்தது. ரூஃபஸ் அதை எடுத்து, துடைத்த இடத்துக்கு முன்னால் மண்டியிட்டு எழுத ஆரம்பித்தான். அவன் கையெழுத்து கண்றாவி. எஞ்சின் வெர்லீன் காடிஸ் என்று எழுதி முடிப்பதற்குள் வரி பாதி மலை ஏறிவிட்டது.

"அடுத்த வாரம் பெயின்ட்ல எழுதிடலாம்" என்றான், புட்டியை மூடிக்கொண்டே. கண்ணைப் பார்க்காமல்தான் சொன்னான். "புதன்கெழமை சொன்னத மனசுல வச்சுக்காத."

"வச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள். "இப்ப இல்ல."

மஞ்சள் காரை மறுபடி டிரெய்லரில் ஏற்றினார்கள், இந்த முறை மூக்கு முன்னால். நெடுஞ்சாலையில் பத்து மைல் போவதற்குள் தெற்கே மேகம் கறுத்தது. டிரெய்லரை இழுத்த வண்டியின் முன்கண்ணாடியில் முதல் சொட்டு விழுந்தவுடன், "வண்டிய நிறுத்து" என்றாள் வெர்லீன்.

"எதுக்கு?"

"நிறுத்துண்ணே!"

அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு தார்ப்பாய். அது அவளுடைய கருவிப் பெட்டிமேல் கட்டியிருந்தது. பத்து வருஷம் ஒவ்வொன்றாகச் சேர்த்த கருவிகள், அண்ணனைக்கூடத் தொட விடமாட்டாள். அவள் முடிச்சை அவிழ்த்து, தார்ப்பாயை உருவி, டிரெய்லர்மேல் ஏறி, மழை வலுப்பதற்குள் காரில் பெயர் எழுதிய ஜன்னலை மூடி இறுக்கிக் கட்டினாள்.

ரூஃபஸ் தலையை வெளியே நீட்டிக் கத்தினான். "ஒன் சாமானெல்லாம் நனையுதே!"

"நனையட்டும்" என்றாள் வெர்லீன். "தொடச்சுக்கலாம்."